ஆசையும் வெறுப்பும் - கண்டி அரசின் வீழ்ச்சி தரும் பாடம்

மனிதனை இயக்குவது அறிவு என்று பலர் கருதுகின்றனர். ஆனால் அவனுடைய அன்றாட வாழ்க்கையை உற்று நோக்குவோர்க்கு, அறிவைக் காட்டிலும் உணர்ச்சியே அவனை மிகுதியாக இயக்குகின்றது என்பது விளங்கும். பசி என்னும் உணர்ச்சி இல்லையெனில் உழவன் ஏர் பிடிக்கமாட்டான். பாசம் இல்லையெனில் தாய் கண்விழித்துக் குழந்தையைக் காக்கமாட்டாள். உயரவேண்டும் என்னும் ஆசை இல்லையெனில் மாணவன் விளக்கடியில் அமர்ந்து படிக்கமாட்டான். ஆகவே உணர்ச்சியே தீமை என்று அறிஞர் எவரும் கூறியதில்லை. அடுப்பில் எரியும் நெருப்புச் சோறு சமைக்கின்றது; அதே நெருப்புக் கூரையிற் பற்றினால் வீடு சாம்பலாகின்றது. நெருப்பின் இயல்பு இரண்டிடத்தும் ஒன்றுதான். அது தனக்குரிய இடத்தில் நிற்கின்றதா, எல்லை கடந்துவிட்டதா என்பதிலேதான் வேறுபாடு இருக்கின்றது.

எல்லை கடக்கும் உணர்ச்சிகளுள் இரண்டை நம் முன்னோர் தனியே எடுத்து எச்சரித்தனர். ஒன்று ஆசை, மற்றது வெறுப்பு. திருவள்ளுவர் துறவறவியலில் வெகுளாமைக்கு ஓர் அதிகாரமும், அவாவறுத்தலுக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். புத்தபகவானின் போதனையிலும் லோபம், துவேஷம், மோகம் என்னும் மூன்றும் தீவினைகளுக்கெல்லாம் வேர் எனச் சொல்லப்படுகின்றன. ஆசை, வெறுப்பு, மயக்கம் என அவற்றைத் தமிழிற் கூறலாம். இங்கே மூன்றாவதாக மயக்கம் ஏன் சேர்க்கப்பட்டது என்பது சிந்தித்தற்குரியது. ஆசை கொண்டவன் தான் விரும்புவதை மட்டுமே காண்கின்றான். வெறுப்புக் கொண்டவன் தான் அஞ்சுவதை மட்டுமே காண்கின்றான். உள்ளதை உள்ளபடி காணும் ஆற்றலை இருவருமே இழந்துவிடுகின்றனர். அவ்விழப்பே மயக்கம். அழிவு அந்த வாயிலாகவே உள்ளே நுழைகின்றது.

இம்மூன்றும் ஒன்றையொன்று எவ்வாறு வளர்க்கின்றன என்பதை ஏட்டில் மட்டுமன்றி, நடந்த வரலாற்றிலும் காணலாம். அவ்வரலாற்றின் கொடிய நாள்கள் சில, கண்டி மாநகரை அடுத்த கட்டுகஸ்தோட்டைச் சூழலிலே கழிந்தன.

கண்டியிலிருந்து வடக்கே ஏறக்குறைய மூன்று மைல் தொலைவில், மகாவலி கங்கையின் கரையில் அமைந்திருப்பது கட்டுகஸ்தோட்டை. ஊர்ப்பெயரின் ஈற்றில் நிற்கும் தோட்டை என்பதைத் தோட்டம் எனக் கொள்ளலாகாது. 'தொட' என்னும் சிங்களச் சொல் ஆற்றுத்துறையைக் குறிக்கும். முள்மரங்கள் நின்ற துறை என்பதே அப்பெயரின் பொருள். மகாவலி கங்கை கண்டியை மூன்று புறமும் வளைத்து ஓடுகின்றது. பாலங்கள் இல்லாத காலத்தில் அதுவே தலைநகருக்கு அகழியாக விளங்கிற்று. ஆற்றைக் கடக்கும் துறைகளைக் காப்பவன் எவனோ அவனே கண்டியைக் காப்பவன். கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஆற்றோட்டத்தின் வழியே சிறிது தூரம் கீழே சென்றால் வட்டாபுளுவை என்னும் இடம் வரும். 1803ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மூன்று நாளைக்குள், பலர் அங்கே கொல்லப்பட்டனர். அந்தக் கொலை எங்கிருந்து தொடங்கியது என்பதை ஆராய்ந்தால், கத்தியைக் கையில் ஏந்தியவனிடமிருந்து அது தொடங்கவில்லை என்பது புலப்படும்.

கண்டி அரியணையில் 1739ஆம் ஆண்டு முதல் வீற்றிருந்தவர்கள், மதுரையிலிருந்து வந்த நாயக்கர் மரபைச் சேர்ந்தவர்கள். அம்மரபின் மூன்றாம் அரசனாகிய ராஜாதி ராஜசிங்கன் 1798ஆம் ஆண்டு மகப்பேறின்றி மறைந்தான். அரசனுக்கு அடுத்த நிலையிலிருந்த பிரதம அதிகாரியின் பெயர் பிலிமத்தலாவை. அடுத்த அரசனைத் தெரிந்தெடுக்கும் வாய்ப்பு அவனுடைய கைக்கு வந்தது. மறைந்த அரசனின் பட்டத்தரசிக்கு முத்துசாமி என்று ஒரு சகோதரன் இருந்தான். பிலிமத்தலாவை அவனை ஒதுக்கிவிட்டு, கண்ணுசாமி என்னும் பதினெட்டு வயது இளைஞனை அரியணையில் அமர்த்தினான். அவ்விளைஞனே ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்னும் பெயருடன் முடிசூடினான். இளையவன், துணையற்றவன், தன் சொற்கேட்டு நடப்பான் என்பது அதிகாரியின் கணக்கு. முத்துசாமியோ உயிருக்கு அஞ்சி ஆங்கிலேயரின் எல்லைக்குள் அடைக்கலம் புகுந்தான்.

அக்காலத்தில் இலங்கையின் கரையோரம் முழுவதும் ஆங்கிலேயர் வசமாகியிருந்தது. 1796ஆம் ஆண்டு அதனை அவர்கள் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். 1798இல் முதல் தேசாதிபதியாகப் பிரெடெரிக் நோர்த் வந்து சேர்ந்தார். கரையோரம் கைக்கு வந்தபின் நடுநாட்டின்மேற் கண் செல்வது இயல்பே. அடுத்த ஆண்டிலேயே பிலிமத்தலாவை இரகசியமாகத் தேசாதிபதியைச் சந்தித்தான். தானே அரியணையில் அமர்த்திய அரசனை அகற்றுவதற்கு ஆங்கிலேயரின் உதவியை நாடினான். அரசனைக் கொல்லும் திட்டத்துக்கு நோர்த் உடன்படவில்லை. ஆயினும் அந்தப் பேச்சை அத்துடன் முடித்துவிடவும் அவருக்கு மனமில்லை. அரசன் பெயரளவில் இருக்கட்டும், ஆட்சி அதிகாரியின் கையில் இருக்கட்டும், கண்டியில் ஆங்கிலப் படை தங்கட்டும் என்பது அவருடைய எண்ணமாயிற்று. 1800ஆம் ஆண்டு ஜெனரல் மக்டவல் தூதராகப் பெரும் படையுடன் கண்டிக்கு அனுப்பப்பட்டார். தூதுக்கு எதற்குப் படை என்று அரசன் ஐயுற்றான். தூதும் பயனின்றி முடிந்தது.

ஆசையின் முதல் இயல்பு இங்கே வெளிப்படுகின்றது. பிலிமத்தலாவைக்குக் குறை ஒன்றும் இருக்கவில்லை. நாட்டின் மிக உயர்ந்த பதவியும் நிலமும் செல்வமும் செல்வாக்கும் அவனிடம் இருந்தன. நோர்த்தின் கையிலோ வளமிக்க கரையோரம் முழுவதும் இருந்தது. இருவரையும் தூண்டியது வறுமை அன்று. கைக்கு எட்டும் தூரத்தில் இன்னும் ஒன்று இருக்கின்றது என்னும் எண்ணமே அவர்களைத் தூண்டிற்று. பெற்றதை ஆசை விரைவில் மறந்துவிடும். பெறாதது மட்டுமே அதன் கண்ணுக்குத் தெரியும். மேலும், இருவரும் மற்றவரைத் தமக்குக் கருவியாக எண்ணினர். நோர்த்தைக் கொண்டு அரசனைத் தள்ளலாம் என்று அதிகாரி நினைத்தான். அதிகாரியைக் கொண்டு கண்டியைப் பெறலாம் என்று தேசாதிபதி நினைத்தார். தாமும் மற்றவரின் கையிற் கருவியாக இருப்பதை அவர்கள் காணவில்லை. மயக்கம் என்று மேலே கூறப்பட்டது இதுவேயாம்.

போருக்குக் காரணம் தேடுவோர்க்கு அது கிடைக்காமற் போவதில்லை. 1802இல் புத்தளத்து வணிகர்கள் கண்டி நாட்டிற் கொள்வனவு செய்த பாக்கு, கண்டி அதிகாரிகளாற் பறிக்கப்பட்டது. அவ்வணிகர்கள் ஆங்கிலேயரின் குடிகள். நோர்த் நட்டஈடு கேட்டார், அது வரவில்லை. 1803ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு படை கொழும்பிலிருந்தும், மற்றொரு படை திருகோணமலையிலிருந்தும் புறப்பட்டன. பெப்ரவரி மாதத்தில் இரண்டும் கண்டியை அடைந்தபோது நகரில் மக்கள் இல்லை. அரண்மனையின் ஒரு பகுதி எரிந்துகொண்டிருந்தது. அரசன் மலைகளுக்குள்ளே பின்வாங்கிவிட்டான். ஆங்கிலேயர் தம்மோடு கொண்டுவந்த முத்துசாமிக்கு முடிசூட்டினர். அவனை அரசனென்று ஏற்று வணங்க நாட்டுமக்கள் எவரும் வரவில்லை. வெற்று நகரில், வேற்றுநாட்டுப் படையின் காவலில், குடிகளற்ற கோவாக அவன் இருந்தான்.

மழை தொடங்கிற்று, காய்ச்சல் பரவிற்று. படைவீரர்கள் நாள்தோறும் இறந்தனர். கண்டியர் வழிகளை அடைத்தமையால் உணவு வருவதும் அரிதாயிற்று. இந்நிலையிற் பிலிமத்தலாவை மீண்டும் பேச்சுக்கு வந்தான். மே மாதத்தில் தம்பதெனியாவில் நோர்த்தும் அவனும் சந்தித்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். அதன்படி நாட்டின் ஆட்சி பிலிமத்தலாவைக்கு உரியது. முத்துசாமி யாழ்ப்பாணத்திற்குச் சென்று உபகாரச் சம்பளம் பெற்று வாழவேண்டியது. சில வாரங்களுக்கு முன் எவனுக்கு முடிசூட்டினார்களோ, அவனையே ஆங்கிலேயர் எளிதாகக் கைவிட்டனர். கருவி தேய்ந்தால் அதனை வீசுவதற்கு ஆசை தயங்குவதில்லை.

நோயுற்ற மக்டவல் ஜூன் மாதத்திற் கொழும்பு நோக்கிப் புறப்பட்டார். கண்டியில் எஞ்சிய சிறு படையின் பொறுப்பு மேஜர் டேவி என்பவரிடம் வந்தது. ஐரோப்பிய வீரர்களிற் பெரும்பாலோர் மருத்துவக் கொட்டகையிற் படுத்திருந்தனர். நிற்கவும் நடக்கவும் வல்லவர்களிற் பெரும்பகுதியினர் மலாய் வீரர்கள். ஜூன் 24ஆம் நாள் விடியுமுன் கண்டிப்படை அரண்மனையைத் தாக்கிற்று. பகற்பொழுது கழிவதற்குள் டேவி வெள்ளைக்கொடி ஏற்றினார். உடன்பாடு ஓலையில் எழுதப்பட்டது. படை தன் ஆயுதங்களுடன் திருகோணமலைக்குச் செல்லலாம்; நடக்க இயலாத நோயாளிகளைப் பிலிமத்தலாவை பேணுவான் என்பன அதன் நிபந்தனைகள். நூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகள் பின்னே விடப்பட்டனர். மாலையில் டேவியும் படையினரும், அவர்களுடன் முத்துசாமியும், வட்டாபுளுவைத் துறையை அடைந்தனர். மகாவலி பெருக்கெடுத்து ஓடியது. கடப்பதற்கு ஓர் ஓடமும் இல்லை.

அடுத்த நாள் அரசனிடமிருந்து தூதுவர் வந்தனர். முத்துசாமியை ஒப்படைத்தால் ஓடம் தரப்படும் என்றனர். டேவி முதலில் மறுத்தார். மீண்டும் வந்து வற்புறுத்தினர். பின்னே பகைவர் கூட்டம், முன்னே வெள்ளம், அருகிலே சோர்ந்த வீரர்கள். இறுதியில் அவர் இணங்கினார். தம்மை நம்பி வந்தவனைப் பகைவரிடம் கையளித்தார். முத்துசாமி அரசன் முன் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். ஆனால் ஓடம் வரவில்லை. ஜூன் 26ஆம் நாள் படையினரின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. அவர்கள் இருவர் இருவராக அழைத்துச் செல்லப்பட்டு வெட்டப்பட்டனர். கண்டியில் விடப்பட்ட நோயாளிகளும் படுத்த பாயிலேயே கொல்லப்பட்டனர். பார்ன்ஸ்லி என்னும் கோப்ரல் ஒருவன், இறந்தவன் என்று விடப்பட்டவன், கழுத்துக் காயத்துடன் ஆற்றை நீந்திக் கடந்து, மாத்தளைப் பக்கத்துக் கோட்டையில் இருந்தோர்க்குச் செய்தி சொன்னான். டேவி உயிருடன் வைக்கப்பட்டு, சிறையிருந்த நாட்டிலேயே சில ஆண்டுகளின்பின் இறந்தார். அந்த இடத்திற்கு டேவி மரம் என்னும் பெயர் நெடுங்காலம் வழங்கிவந்தது.

இக்கொலைக்கு ஆணையிட்டவன் அரசனா, அதிகாரியா என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒருமனப்படவில்லை. ஆணை எவனுடையதாயினும், அதை இயலச்செய்தது வெறுப்பு. தன் நகரை எரியவிட்டு மலைக்கு ஓடவேண்டிவந்த அரசனின் வெறுப்பு அது. தம் நாட்டுக்குள் அழையாமற் புகுந்த படையைக் கண்ட குடிகளின் வெறுப்பு அது. அவ்வெறுப்புக்குக் காரணம் இல்லை என்று எவரும் சொல்லமுடியாது. வெறுப்பின் அபாயமே அதில்தான் இருக்கின்றது. அது பெரும்பாலும் ஓர் உண்மையான குறையிலிருந்தே பிறக்கின்றது. பிறந்தபின் அக்குறையை விட்டு நெடுந்தூரம் சென்றுவிடுகின்றது. படையெடுக்கத் தீர்மானித்தவர் கொழும்பில் இருந்த நோர்த். அவருக்கு உதவுவதாக வாக்களித்தவன் பிலிமத்தலாவை. இருவருக்கும் வட்டாபுளுவையில் ஒரு தீங்கும் நேரவில்லை. மாண்டவர்கள் காய்ச்சலிற் கிடந்த நோயாளிகளும், கூலிக்குப் போர்புரிந்த வீரர்களும், பிறரால் முடிசூட்டப்பட்டுப் பிறராற் கைவிடப்பட்ட ஓர் இளவரசனும் ஆவர். ஆசைப்பட்டவன் ஒருவன், அதன் விலையைக் கொடுத்தவன் மற்றொருவன். ஆசையும் வெறுப்பும் விளைவிக்கும் அழிவுகளைக் கூர்ந்து நோக்கினால், பெரும்பாலானவற்றில் இவ்வுண்மை புலப்படும்.

இந்த நெருப்பு அவ்விடத்தில் அணைந்துவிடவில்லை. அரசனும் அதிகாரியும் ஒருவரையொருவர் நம்பாத நிலையில் எட்டாண்டுகள் கழிந்தன. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கலையார்வம் அற்றவன் அல்லன். இன்று கண்டிக்கு அழகு தரும் வாவியும், தலதா மாளிகையின் எண்கோண மண்டபமும் அவன் காலத்தவையே. ஆனால் அவற்றுக்காக மக்கள் கட்டாய வேலை செய்ய நேர்ந்தமை அவர்களின் மனத்தைப் புண்படுத்தியது. 1811ஆம் ஆண்டு, அரசனைக் கவிழ்க்கச் சதிசெய்தான் என்னும் குற்றத்திற்காகப் பிலிமத்தலாவை தலை துணிக்கப்பட்டான். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் அவன் அமர்த்திய அரசனே அந்தத் தண்டனையை விதித்தான்.

அவனுக்குப் பின் பிரதம அதிகாரியானவன் எஹெலப்பொல. அவனுக்கும் அரியணைமேல் ஆசை உண்டு என்பது அரசனின் ஐயம். 1814ஆம் ஆண்டு சப்பிரகமுவையில் எஹெலப்பொல கிளர்ச்சியை எழுப்பினான். அது தோல்வியுற, அவன் ஆங்கிலேயரிடம் ஓடினான். மாகாணங்களை ஆளச் செல்லும் தலைவர்கள் தம் குடும்பத்தைத் தலைநகரிற் பிணையாக விட்டுச் செல்வது கண்டியின் வழக்கம். எஹெலப்பொலவின் மனைவியும் மக்களும் கண்டியில் இருந்தனர். கணவன் கைக்கு அகப்படாதபோது, அரசனின் வெறுப்புக் கைக்கு அகப்பட்டவர்கள்மேற் பாய்ந்தது. அந்த ஆண்டு மே மாதத்தில் பிள்ளைகள் தாயின் கண்முன் தலை துணிக்கப்பட்டனர். மூத்தவன் அஞ்சித் தாயைப் பற்றிக்கொள்ள, இளையவனாகிய மத்தும பண்டார அவனுக்குத் தைரியம் சொல்லித் தானே முன்சென்றான் என்று சிங்கள மக்கள் இன்றும் போற்றிவருகின்றனர். தாயாகிய குமாரிஹாமி போகம்பரை வாவியில் அமிழ்த்திக் கொல்லப்பட்டாள்.

அரசன் தன் பகைவனைத் தண்டித்ததாக எண்ணியிருக்கலாம். நடந்ததோ வேறு. அந்நாளுக்குமுன் எஹெலப்பொல அரசனின் பகைவன்; அந்நாளுக்குப்பின் கண்டி மக்களே அரசனின் பகைவராயினர். குழந்தைகளைக் கொன்ற அரசனுக்காக வாளெடுக்க எவரும் விரும்பவில்லை. அதே ஆண்டின் இறுதியில், ஆங்கிலேயரின் எல்லையிலிருந்து வந்த வணிகர் பத்துப்பேர் ஒற்றர் என ஐயுறப்பட்டு உறுப்புச் சிதைக்கப்பட்டனர். பிழைத்துக் கொழும்பை அடைந்தோர் மூவர். ஆங்கிலேயர் எதிர்பார்த்திருந்த காரணம் இதனால் அவர்களுக்குக் கிடைத்தது. சிங்கள மொழியில் வல்லவரான ஜோன் டொயிலி என்னும் அதிகாரி, கண்டித் தலைவர்களுடன் ஓலைத் தொடர்பு கொண்டு, அவர்களின் மனக்கசப்பைப் பல ஆண்டுகளாகவே அறிந்து வளர்த்துவந்தார். 1815ஆம் ஆண்டு பெப்ரவரியில், 1803இல் பெரும் விலை கொடுத்தும் நிலைக்கமுடியாத அதே நகருக்குள், ஆங்கிலப் படை எதிர்ப்பு ஏதுமின்றி நுழைந்தது. அம்மாதம் 18ஆம் நாள் மெதமகாநுவரைப் பக்கத்தில் அரசன் பிடிபட்டான். மார்ச் 2ஆம் நாள் கண்டி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. நெடுங்காலமாகப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என மூன்று வல்லரசுகளுக்கும் தலைவணங்காத நாடு, தன்னுள்ளே மூண்ட பகையால் வீழ்ந்தது.

வென்றவர்களாகத் தோன்றியவர்கள் பெற்ற பயன் என்ன? அரசனாக ஆக்கப்படுவோம் என்று நம்பியிருந்த எஹெலப்பொலவுக்கு முடி கிடைக்கவில்லை. பதவி எதுவும் ஏலாது, ஆங்கில அரசின் நண்பன் என்னும் பெயரை மட்டும் ஏற்றான். 1817இல் ஊவாவில் தொடங்கிய பெருங்கிளர்ச்சியின்போது, அந்த நண்பனையே ஆங்கிலேயர் ஐயுற்றுச் சிறைவைத்தனர். 1825இல் மொரிசியஸ் தீவுக்கு அனுப்பப்பட்ட அவன், 1829இல் அங்கேயே மாண்டான். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1816இல் கப்பலேற்றப்பட்டு வேலூர்க் கோட்டையிற் காவலில் வைக்கப்பட்டான். 1832ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் அங்கே உயிர்நீத்தான். பாலாற்றங்கரையில் அவன் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில், முத்து மண்டபம் என்னும் நினைவு மண்டபம் இன்று நிற்கின்றது. அரசனும், அரசனாக விழைந்தவனும் ஆகிய இருவரும் தம் நாட்டுக்கு வெளியே, அந்நியரின் காவலில் இறந்தனர்.

இவ்வரலாறு அரசர்களுக்கும் அதிகாரிகளுக்கும் மட்டும் உரியது என்று எண்ணுதல் கூடாது. அரியணை இல்லாத வீடுகளிலும் இதே நாடகம் நடைபெறுகின்றது. ஒரு வேலித்துண்டு நிலத்துக்காக உடன்பிறந்தோர் இருவர் நீதிமன்றம் ஏறுகின்றனர். நிலத்தின் விலையைப்போலப் பன்மடங்கு வழக்கிற் செலவாகின்றது. அப்போதும் வழக்கு நிற்பதில்லை. ஏனெனில், தொடங்கும்போது இருந்த ஆசை எங்கோ மறைந்து, தோற்கடிக்கவேண்டும் என்னும் வெறுப்பு அதன் இடத்தில் வந்து அமர்ந்துவிட்டது. இவ்வழக்கில் நட்டப்படுவோர் யாவர்? பெரியப்பன் வீட்டுக்கும் சிற்றப்பன் வீட்டுக்கும் இடையே ஓடி விளையாடிய பிள்ளைகள். பேராசை பெருநட்டம் என்று பழமொழி சொல்லும். அந்த நட்டம் யாருடைய கணக்கில் எழுதப்படுகின்றது என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும்.

கூட்டமாக எழும் வெறுப்பு இதனினும் கொடியது. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கண்டி மாவட்டத்தில், வீதியில் நடந்த தகராறு ஒன்றிலே தாக்கப்பட்ட ஒருவர் உயிரிழந்தார். குற்றம் செய்தோரைச் சட்டம் விசாரிக்கும். ஆனால் வெறுப்பு விசாரணைக்குக் காத்திருப்பதில்லை. அத்தகராற்றோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. திகனையில் மூண்ட தீ கட்டுகஸ்தோட்டைச் சூழல்வரை பரவியது. நாடு முழுவதும் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. கைத்தொலைபேசி வழியே பரவிய வெறுப்புச் சொற்களைத் தடுப்பதற்காகச் சமூக ஊடகங்கள் சில நாள்கள் நிறுத்தப்பட்டன. தன் தளம் அவ்வன்முறைக்குப் பயன்படுத்தப்பட்டமைக்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020இல் வருத்தம் தெரிவித்தது. குமாரிஹாமியின் பிள்ளைகளுக்கு நேர்ந்ததே இங்கும் வேறு உருவில் நேர்ந்தது. குற்றம் செய்தவன் கைக்கு எட்டாதபோது, அவனைச் சார்ந்தவர் என்று கருதப்பட்டோர் தண்டிக்கப்பட்டனர்.

இவ்வுணர்ச்சிகளை வேரோடு களைதல் துறவிகளுக்கே இயலும். இல்லறத்தார்க்கு இயன்றது, அவை எல்லை கடக்கும் இடத்தை அறிந்து நிறுத்துவது. அதற்கு மூன்று வினாக்கள் உதவும்.

ஆசை எழும்போது, அதை அடைவதற்காக எந்த மனிதரைக் கருவியாக்குகின்றோம் என்று கேட்டுக்கொள்ளவேண்டும். உழைப்பைக் கருவியாகக் கொள்ளும் ஆசை பெரும்பாலும் நன்மையில் முடியும். மனிதரைக் கருவியாகக் கொள்ளும் ஆசை பிலிமத்தலாவையின் வழியில் செல்வது. வெறுப்பு எழும்போது, நமக்குத் தீங்கிழைத்தவன் யார், நம் கை இப்போது ஓங்கியிருப்பது யார்மேல் என்று கேட்டுக்கொள்ளவேண்டும். இருவரும் ஒருவரே அல்லர் எனின், கை தாழவேண்டும். மூன்றாவது வினா அச்சத்தைப் பற்றியது. டேவி தீயவர் என்று வரலாறு கூறவில்லை. அவர் முதலில் மறுத்தார். அந்த மறுப்பு மாலைவரை நிலைத்திருக்கவில்லை. பிறருடைய ஆசைக்கும் வெறுப்புக்கும் நடுவே அகப்பட்ட எளிய மனிதனுக்கும் ஒரு கடமை உண்டு. தன்னை நம்பியவனைக் கைவிடுமாறு கேட்கப்படும்போது, கைவிட்டால் உண்மையிலேயே ஓடம் வருமா என்று அவன் கேட்டுக்கொள்ளவேண்டும்.

இம்மூன்று வினாக்களுக்கும் சிறிது நேரம் வேண்டும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்னும் பழமொழி, ஆத்திரம் கொண்டவன் அறிவில்லாதவன் என்று சொல்லவில்லை. அறிவுக்கு அவன் நேரம் கொடுப்பதில்லை என்றே சொல்கின்றது. ஓர் இரவு கழித்து அனுப்பப்படும் கடிதமும், மறுநாள் காலை சொல்லப்படும் மறுமொழியும், உண்மையா என்று விசாரித்தபின் பிறருக்குச் சொல்லப்படும் செய்தியும் எத்தனையோ குடும்பங்களைக் காத்திருக்கின்றன.

வட்டாபுளுவையில் இன்று வீடுகள் நிறைந்திருக்கின்றன. 1950களின் பிற்பகுதியில், கண்டியிற் பிறந்த கட்டடக்கலைஞரான மினெற் டி சில்வா அம்மையார், அரசாங்க ஊழியர்களுக்கென அங்கே ஒரு வீட்டுத்திட்டத்தை வகுத்தார். வரைபடம் கீறுமுன், குடியேற இருந்த பல இனத்துக் குடும்பங்களிடமும் வினாக்கொத்துக் கொடுத்து, ஒவ்வொருவரின் தேவையையும் வழக்கத்தையும் வசதியையும் கேட்டறிந்து, அதற்கேற்ப வீடுகளை அமைத்தார். அங்கு குடியேறியோரும் ஆசை உடையவர்களே. தமக்கென ஒரு கூரை, பிள்ளைகள் விளையாட ஒரு முற்றம், வழிபடுவதற்கு ஓர் இடம் என்பன அவர்களின் ஆசைகள். அயலவனுக்கும் அவை வேண்டும் என்று ஏற்றுக்கொண்டமையால், ஒருவரின் ஆசை மற்றவருக்குப் பகையாகவில்லை. 1803இல் ஓடம் கிடைக்காமல் மனிதர் மாண்ட அதே கரையில், ஒருவருக்கொருவர் அயலவராய்ப் பல குடும்பங்கள் வாழத் தொடங்கின.